தானாக முழுகியவளுக்கு

என் வாயாடி அண்ணிக்கு,

கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. நீ அதற்கு வெளியே இருக்கிறாய். வேறு யாராவது வந்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று, பால்வாடியைப் பூட்டிய கையோடு எழுத உட்கார்ந்தேன். அழுதுகொண்டு இல்லை, கோபத்தோடு.

அதற்கு முன்னால் நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். "எம் பொண்ணு இன்னா பண்ணிகினு இருக்குது?" பூங்கொடி கடலூரில் நர்ஸுக்குப் படிக்கிறாள். ஊசி போடக் கற்றுக்கொண்டாள், உன்னைப் போலவே யாருக்கும் அடங்க மாட்டேன் என்கிறாள். அண்ணன் அப்படியேதான் இருக்கிறார். கரும்பு வெட்டப் போகிறார், வருகிறார், பேசுவதில்லை. சபைப் படியை இன்னும் மிதிக்கவில்லை.

ஊரில் மறுபடியும் இட ஒதுக்கீட்டுப் பேச்சுதான். நீ போன வருஷம் இங்கே, தங்களுக்கு ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர்த்தெருக்காரர்கள் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். இப்போது வடக்கே வசதியான வீட்டுப் பிள்ளைகள் வேண்டாம் என்று ரோட்டில் இறங்கியிருக்கிறார்களாம். டீக்கடையில் ஆளாளுக்கு நியாயம் பேசுகிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட உன்னைப் பற்றிப் பேச ஒரு நாதியில்லை.

நீ ஏன் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டாய் என்று சபைக்கே தெரியும். நம் காலனியில் பாதிப் பேர் அப்படித்தானே? முழுகிச் சபையில் பெயர் ஏறிவிட்டால் பிள்ளையின் சாதிச் சான்றிதழில் கிறித்தவர் என்று விழும். விழுந்தால் நம் சாதிக்கு உள்ள ஹாஸ்டலும் இல்லை, சீட்டும் இல்லை. சாமியை மாற்றிக்கொண்டாய், இனி நீ அந்தச் சாதி இல்லை என்கிறது ஆபீஸ். டீக்கடையில் நமக்கென்று தனிக் கிளாஸ் மாட்டி வைத்திருக்கிறவனிடம் இதை யாராவது போய்ச் சொன்னார்களா?

"சர்ட்டிபிகேட்டு கைக்கு வரட்டும், வந்த வாரமே முழுகிடறேன். அதுக்குள்ள ஏசப்பா இன்னா, கதவ சாத்திகினு போயிடப் போறாரா?" என்பாய். முழுக்குக்கென்று வாங்கிய வெள்ளைப் புடவை வருஷக்கணக்கில் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், வெள்ளப் புடவ எதுக்குடி?" என்று தெருவே கேலி செய்யும். நீயும் சேர்ந்து சிரிப்பாய். ஆனால் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு நீ வராமல் இருந்ததில்லை. உபவாச ஜெபத்துக்கு முதல் ஆள் நீ, கோயில் கூட்டிப் பாய் விரிப்பதும் நீ.

சான்றிதழ் வந்தது. கோமுகி ஆற்றங்கரையில் முழுக்கு என்று போதகர் ஐயா நாள் குறித்தார். அவர் குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால்தான் அந்த மறியல் தொடங்கியிருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளில் கிளம்பிய ஐயா, வழியெல்லாம் புளியமரம் விழுந்து கிடந்ததால் பாதியில் திரும்பிவிட்டார். அதற்கு நான் அவரைக் குறை சொல்லவில்லை.

நாம் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தோம். கல்வராயன் மலையில் மழை, ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. "ஆறு வந்துடுச்சி, நானும் வந்துட்டேன், ஐயாவத்தான் காணோம்" என்றாய். பிறகு சடாரென்று எழுந்து, வெள்ளைப் புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாய். "யாரும் இல்லன்னா இன்னா, நீ சாட்சி!" என்று கத்திவிட்டு, பிதா என்று ஒன்று, குமாரன் என்று ஒன்று, பரிசுத்த ஆவி என்று ஒன்று, மூன்று முழுக்கு போட்டாய். பல் கிட்டிக்கக் கரையேறி என்னைக் கட்டிக்கொண்டாயே, அந்த ஈரம் இன்னும் என் மேல் இருக்கிறது, அண்ணி.

அந்த வாரமே கரும்புத் தோட்டத்தில் உன்னைப் பாம்பு கடித்தது. கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தியாகதுருகம் ரோட்டில் வண்டி வாசி ஒன்றும் இல்லை, மரத்துக்கு மேல் மரம். கோடாலியோடு நின்ற ஆட்கள் நம்மைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே போட்டார்கள். "தலமாட்டுப் பக்கம் எங்ககிட்ட வுடுங்க" என்று கட்டிலை வாங்கி, ஒவ்வொரு மரமாகத் தாண்டிக் கொடுத்தார்கள். வேறு நாளாக இருந்தால் நம் வீட்டுக் கட்டிலைத் தொட்டிருப்பார்களா, தெரியாது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நீ போய்விட்டாய்.

கல்லறைத் தோட்டத்துக்குள் உனக்குக் குழி வெட்டக் கேட்டேன், அண்ணி. ஐயா சொன்னார்: "அழைப்பு பல வருஷமா இருந்துச்சிம்மா. ஏத்துக்கறதும் தள்ளறதும் மனுஷனோட சுயசித்தம். அவங்க தள்ளிப்போட்டாங்க." சபையின் பெரிய மூப்பர் அதற்கும் மேலே போனார்: "கர்த்தர் முன்குறிச்சவளா இருந்தா அன்னிக்கு ரோட்டத் தொறந்து வுட்டிருப்பாரு. அவரு சித்தம் இல்ல." ஆற்றில் முழுகினாளே என்று நான் கத்தினேன். "தானா முழுகினா அதுக்குப் பேரு குளியல்" என்றார்.

குளியலாம்!

நீ காத்திருந்தபோது அது உன் சித்தம். நீ இறங்கி வந்தபோது ரோடு அடைபட்டது கர்த்தர் சித்தம். இப்படி இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் மனுஷி எந்தப் பக்கமாகத்தான் உள்ளே வருவாள்? எல்லாம் அவர் கையில் என்றால் உன்னைக் குற்றவாளி ஆக்குவானேன்? உன் கையில்தான் என்றால், உன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு இறங்கினாயே, அதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை?

என் பால்வாடிப் பிள்ளை கிணற்றில் விழுந்தால், அது கையைத் தூக்கியதா இல்லையா என்று பார்த்துக்கொண்டா நிற்பேன்? குதித்துத் தூக்குவேன். தூக்கும்போது அது என் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அது கட்டிக்கொண்டதால் பிழைத்ததா, நான் தூக்கியதால் பிழைத்ததா என்று கிணற்று மேட்டில் கூட்டம் போட்டு விசாரிப்பார்களா? எனக்கே இவ்வளவு தெரிகிறது. அவருக்குத் தெரியாதா?

மூப்பர் கெட்டவரும் இல்லை, அதுதான் கொடுமை. உன் பெட்டிக்கு முதல் தோள் கொடுத்தவர் அவர்தான். முள்வேலிக்கு வெளியே, ஒரு எட்டு தள்ளி உன்னை இறக்கிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அழுத மனுஷன் வேலியைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கலாம் அல்லவா?

இப்போது அந்த வேலிக்குப் பதில் சுவர். மேஸ்திரி நூல் பிடித்த அன்று சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "ஒரு எட்டு தள்ளிக் கட்டுங்க. எங்க அண்ணி உள்ள வந்துடும்." லீவுக்கு வந்திருந்த பூங்கொடி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "வுடு அத்தை. என் சர்ட்டிபிகேட்டுக்காகத்தான அம்மா வெளிய படுத்துகினு இருக்குது" என்று உடைந்து அழுதாள். பெற்றவள் பிள்ளைக்காகக் காத்திருந்தது பாவம் என்று அந்தப் பிள்ளையையே நம்ப வைத்துவிட்டார்களே! அந்த இடத்தில்தான் எனக்கு ஆவேசம் வந்தது.

"அப்போ எனக்கும் வெளியிலயே இடம் வுடுங்க" என்றேன்.

"நீ முறையா ஞானஸ்நானம் எடுத்தவம்மா. உனக்கு உள்ள இடம் இருக்குது" என்றார் மூப்பர்.

"இருக்கட்டும். மனுஷிக்குச் சுயசித்தம் உண்டுன்னு ஐயாதான சொன்னாரு? இது என் சுயசித்தம். இல்ல, எல்லாம் முன்குறிச்சதுன்னு நீங்க சொல்றதுதான் சரின்னா, என்னை அங்க போட முன்குறிச்சாரோ இன்னாவோ. ரெண்டுல எதுன்னாலும் குழி ஒண்ணுதான்."

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரி வாசலில் நின்று, "நூல எங்க கட்டறதுங்க?" என்று கேட்டார். மறுநாள் பழைய வேலி இருந்த இடத்திலேயே அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள்.

இன்று சாயங்காலம் அண்ணன் என்னோடு வந்தார். உன் பக்கத்தில் முளைத்திருந்த கருவேலஞ்செடியை வெட்டிச் சுத்தம் செய்தார். "இவ்ளோ இடம் போதுமா ஒனக்கு?" என்று என்னிடம் கேட்டார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சு அதுதான்.

போதும் என்றேன். அண்ணி, இது சத்தியம். பூங்கொடியிடமும் சொல்லி வைத்துவிட்டேன். என்னை உள்ளே வைக்க யார் வந்தாலும் விடாதே, அம்மா பக்கத்தில் போடு என்று. இது என் சித்தம். அவர் சித்தமும் இதுதானா என்று நீயே கேட்டு வை. நீதான் அவர் பக்கத்தில் இருக்கிறாயே.

சுவருக்கு வெளியே உன் பக்கத்து இடத்துக்காரி,
உன் நாத்தனார்