டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்

2003 ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. வித்துராவில் வாடகைக்கு எடுத்த வீட்டில், நான் எழுதி இயக்கும் மலையாளத் தொடரின் ஷூட்டிங். ஜெனரேட்டர் இரண்டு முறை படுத்துவிட்டது. என் குடையைக் காணோம்.

சேனல்காரர் போன். "மேடம், அடி வந்த வாரம் ரேட்டிங் கேறியல்லோ. இன்னும் ரெண்டு அடி சீன் சேர்க்கணும் கேட்டோ." சேர்த்தேன். நான் ஆரியசாலைக் கடைத்தெரு மிளகு வியாபாரியின் மகள். எது விலை போகும் என்று எனக்கா தெரியாது.

மதியம் அந்த சீன். செல்வியும் பிரசாத்தும். தொடரிலும் புருஷன் பெண்டாட்டி, நிஜத்திலும் அப்படியே. வழக்கம்போல் நான் கேமராவுக்குப் பின்னால் நின்று மலையாள வசனத்தை உரக்க வாசிக்க, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். செல்வி போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண். அடி விழ விழ என் வசனத்தை விட்டுவிட்டுத் தமிழில் ஏதோ கத்தினாள். உதவி இயக்குநர் அனில் என்னைப் பார்த்தான். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். தினமும் சொல்வதுதான். எப்படியும் குரல் வேறு ஆள்.

ஒரே டேக். கைதட்டினேன். அவள் பல்லில் ரத்தம். மேக்கப்காரர் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

மழை இல்லை. புழுக்கம். வாங்க: ரீபில், தலைவலித் தைலம், குடை.

டப்பிங் தியேட்டர். செல்விக்குக் குரல் கொடுக்கும் பிந்து, ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். "சேச்சி, இது தமிழல்லே? இவங்க என்ன பறையுதுன்னு ஒண்ணு கேட்டு நோக்குங்க."

ஷூட்டிங்கில் வாயசைவுக்காகப் பிடித்து வைக்கிற சத்தம். மழை, ஜெனரேட்டர், நான். நடுவில் செல்வி: "நெசமா அடிக்கான்க்கா. விலா போச்சு. யாராச்சும் பிடிங்க."

அக்கா என்றது என்னை. அதன்மேல் என் குரல், நிறுத்தி நிதானமாக, அடுத்த வரியை வாசிக்கிறது.

மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டேன். வானொலி நாடகத்தில் தொடங்கியவள் நான். அங்கே அடி என்றால் தலையணையைத் தட்டுவோம்.

ஜூன் 12, வியாழன்

உடை அளவு எடுக்க என்று சொல்லி செல்வியை வீட்டுக்கு வரவழைத்தேன். ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். விலா முழுக்கக் கருநீலம். சில இடம் பழசு, மஞ்சளாகியிருக்கிறது.

"வீட்ல கை வைக்க மாட்டான்க்கா. எங்கப்பா மலைய விட்டு எறங்கி எங்ககூடதான் இருக்காரு. அதனால நீங்க எழுதுற சீனுக்குக் காத்துக் கெடப்பான். பேப்பர் வந்ததும் மொதல்ல அடி இருக்கான்னுதான் பாப்பான்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேனே. கத்தித்தானே சொன்னேன்."

போலீஸ் என்றேன். சிரித்தாள். சிரித்தால் விலா வலிக்கிறது, கையால் பிடித்துக்கொண்டாள். "கேமரா முன்னாடி, நீங்க எழுதிக் குடுத்து, எல்லாரும் பாக்க அடிச்சான். என்னன்னு கேஸ் குடுப்பேன்?"

கீழே மிளகுக் கடையிலிருந்து என் அண்ணன்: "யாருட்டி வந்திருக்கது? அந்த அடி வாங்குக பிள்ளையா? நல்லா அழுகாளே." கதவை உதைத்துச் சாத்தினேன்.

ஜூன் 14, சனி

பிரசாத்தை லாரி ஏற்றிக் கொன்று எழுதினேன். சேனல்காரர் ஒப்பவில்லை. "அவனில்லாம சீரியல் இல்ல மேடம். திங்கள் தொட்டு தினம் ஒரு அடி வேணும்." தினம் அடித்தால் அவள் செத்துப்போவாள். அவரிடம் சொன்னேன். "நடிப்பல்லே" என்றார்.

கிழித்தேன். மாலை வரை எழுதினேன். அடி சீன்தான். அடிப்பவள் மட்டும் அவள். போனில் படித்துக் காட்டினேன். சூப்பராம்.

தலைவலி. தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

வித்துரா. மழை விட்டு விட்டு. பிரசாத் பேப்பரைப் படித்துச் சிரித்தான். "இவளா என்னை அடிக்கிறது? நாட்டுக்காரு சிரிக்கும் சேச்சி." காபி மட்டும் குடித்தேன்.

கலை இயக்குநர் தெர்மோகோலில் விறகுக்கட்டை செய்து, மரநிறம் பூசி வைத்திருந்தார். செல்வி அதை எடுத்துப் பார்த்துவிட்டு அடுப்புக்குப் பின்னால் போட்டாள். அங்கே வீட்டுக்காரர் அடுக்கிவைத்த ரப்பர் மர விறகு. அதில் ஒன்றை உருவினாள். என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

முதல் அடி தோளில். அடுத்தது முட்டியில். எதுவோ உடைந்தது, விறகு இல்லை. பிரசாத் தரையில். நிஜமாக அடிக்கிறாள், யாராவது பிடியுங்கள் என்று கத்தினான். அந்த வரி என் பேப்பரில் இல்லை. அனில் கட் சொல்ல வாய் திறந்து, என்னைப் பார்த்தான்.

டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வரியை வாசித்தேன்.