ரவுட்டர் வழியே ஒரு வண்டித்தடம்

கோயம்புத்தூர்
3-3-2025

1. இதை எழுதுபவர் வழக்கறிஞர் சென்னியப்பன். உன் உடன்பிறந்த அண்ணன்.
2. பெறுபவர் வெள்ளகோவில் தோட்டத்தில் வசிக்கும் தங்கை சண்முகப்பிரியா.
3. பாகப்பிரிவினைப்படி கிணறும் மோட்டாரும் இருவருக்கும் பொது. தண்ணீர் ஒரு நாள் உன் முறை, மறுநாள் என் முறை.

அன்புள்ள என்று தொடங்குவது வழக்கம், தொடங்கியதாகக் கொள்க.

என் முறை நாளிலும் நீதான் மோட்டாரைப் போடுகிறாய். என் தென்னங்கன்றுகள் வாடுகின்றன; உன் முருங்கை தழைக்கிறது. இதற்கு மேல் எழுதினால் அவதூறாகிவிடும்.

இனி என் முறையன்று மோட்டாரை இங்கிருந்தே இயக்குவேன். மோட்டார்ப் பெட்டியில் மோட்டாரைப் போட்டு அணைக்கும் கருவிக்கு, கட்டளை வாங்கும் சீரியல் கம்பி உண்டு. அதை இணையத்தோடு சேர்க்கும் சிறு பெட்டியொன்றை அனுப்பியுள்ளேன். தோட்டத்தில் ரவுட்டர் இருப்பது உன் வீட்டில் மட்டுமே. அதில் ஒரு போர்ட்டைத் திறந்து, நான் அனுப்பும் கட்டளை நேராக அந்தப் பெட்டிக்குப் போகும்படி அமைத்துத் தர வேண்டும். உனக்கு விளங்கும்படி சொன்னால், உன் வீட்டின் வழியாக எனக்கு ஒரு வண்டித்தடப் பாத்தியம்.

தொலைபேசியில் அழைக்காதே. பேச்சுக்குச் சாட்சியில்லை.

சென்னியப்பன்


வெள்ளகோவில்
10-3-2025

அண்ணாவுக்கு,

நீங்க கேக்கலீன்னாலும் நாங்க நல்லா இருக்கறோமுங்க.

உங்க கன்னு வாடுனது தண்ணியில்லாம இல்லீங்ணா, வண்டு உழுந்து. கோர்ட்டுல வண்டெல்லாம் வராது, உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரவுட்டர் மாட்டுன ரசாக்கை வரச்சொன்னேனுங்க. "தொறந்தது தொறந்தபடி உட்டா எந்த ஊர்க்காரன் வேணும்னாலும் உள்ள பூந்துருவானுங்க அம்மணி. அந்தச் சின்னப் பெட்டிக்கு ஆள் அடையாளம் தெரியாது, யார் சொன்னாலும் கேக்கும். வக்கீலய்யா ஆபீஸ்ல இருந்து வந்தா மட்டும் உள்ள உடற மாதிரி ஒரு பூட்டுப் போட்டுரலாம்"ங்கறாரு.

போடச் சொல்லட்டுங்களா?

உங்க தங்கச்சி
சண்முகப்பிரியா


கோயம்புத்தூர்
17-3-2025

சண்முகப்பிரியாவுக்கு,

பூட்டு! ரவுட்டர் உன்னுடையது, ஆகவே சாவியும் உன் கையில். பொதுத்தடத்தில் கேட்டை நிறுத்திவிட்டு, "கேட்டால் திறந்துவிடப் போகிறோம்" என்று கைகட்டி நிற்பவர்களை வாழ்நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்தவன் நான். அந்தப் பணிவு உன் கடிதத்திலும் இருக்கிறது. ரசாக்கின் அறிவு ரவுட்டர் மாட்டுவதற்குப் போதுமானது, அதோடு நிற்கட்டும்.

தடம் எந்நேரமும் பூட்டின்றித் திறந்திருக்க வேண்டும். ரவுட்டரை அணைப்பதும் இடையூறே. என் முறை நாளில் நீயோ உன்னைச் சார்ந்தவர்களோ எக்காரணம் கொண்டும் மோட்டார்ப் பெட்டியில் கைவைக்கக் கூடாது. மீறினால் அடுத்து வருவது கடிதமாக இருக்காது.

சென்னியப்பன்


வெள்ளகோவில்
16-4-2025

அண்ணாவுக்கு,

நீங்க எழுதுனபடியே பூட்டில்லாம தொறந்து உட்டாச்சுங்க. இத்தன நாளா நல்லாத்தான் ஓடுச்சு.

நேத்து உங்க முறை. காத்தால மோட்டார் ஓட ஆரம்பிச்சுது, நீங்கதான்னு இருந்துட்டேன். மத்தியானம் கெணத்துல தண்ணி அடி தட்டிப்போச்சு. மோட்டார் நிக்கலீங்க, தண்ணியில்லாம சும்மா ஓடுது. பக்கத்துத் தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்ட வந்திருந்த வேலுமணி சத்தங்கேட்டு ஓடியாந்துட்டாரு. "ஏனுங்க அம்மணி, பாத்துட்டு நிக்கறீங்க, அமத்திப்போடுங்க!"ன்னாரு. "கைவெக்கப்படாதுன்னு எங்கண்ணன் எழுத்துல குடுத்திருக்கறாருங்க"ன்னேன். உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கலீங்க. அப்புறம் அது பொகஞ்சு தானா நின்னுருச்சு.

ரசாக் வந்து ரவுட்டர்ல யாரு உள்ள வந்தாங்கன்னு பாத்துட்டு, "எந்தத் தேசத்துல இருந்து வந்து தட்டுனானோ, கோயம்புத்தூர் மட்டும் இல்லீங்க"ன்னாரு.

உங்க கன்னும் என் முருங்கையும் ஒண்ணாக் காயுது. இது ஒண்ணுலயாவது சமபங்குங்க.

உங்க தங்கச்சி
சண்முகப்பிரியா


கோயம்புத்தூர்
22-4-2025

சண்முகப்பிரியாவுக்கு,

உன் கடிதம் ஒப்புதல் வாக்குமூலம், பத்திரப்படுத்தியுள்ளேன். அன்று நான் நீதிமன்றத்தில் இருந்தேன். நீயோ மோட்டாருக்கு அருகில் நின்றாய். அணைக்க ஒரு விரல் போதும். என் எழுத்துக்குக் கட்டுப்பட்டு நீ அந்த விரலை மடக்கிக்கொண்டாய் என்று நம்பும் அளவுக்கு நான் பேதையில்லை. எழுத்து என்னுடையது என்பதை மறுக்கவில்லை, மறுக்கவும் வழியில்லை.

தடப் பாத்தியத்தை விட்டுவிடுகிறேன். போர்ட்டை மூடிவிடு. மோட்டார் சரியானதும் என் முறை நாள்களில் நானே நேரில் வந்து போடுவேன். சாப்பாடு கொண்டுவருவேன். உன் வீட்டில் கை நனைப்பதாக இல்லை.

சென்னியப்பன்


வெள்ளகோவில்
28-4-2025

1. எழுதறது சண்முகப்பிரியா. என்ன ஒறவுன்னு பாகப்பிரிவினைப் பத்தரத்துல பாத்துக்குங்க.
2. போர்ட்ட ரசாக் மூடிட்டாருங்க. உங்க பெட்டி பார்சல்ல வருது.
3. வேலுமணி காயில் கட்டிட்டிருக்கறாரு. உங்க முறைக்குத் தாராளமா வாங்க. சோறு கொண்டாறது சரிங்க. அப்படியே குடிக்கத் தண்ணியும் கையோட கொண்டாந்துருங்க. நான் ஒரு சொம்பு மோந்து குடுக்கறதா இல்லீங்க.

பேச்சுக்குச் சாட்சியில்லைன்னு சொன்னீங்க. அதனால சாட்சி வெச்சே எழுதியிருக்கறேன்.

சண்முகப்பிரியா

சாட்சிகள்:
ரசாக், ரவுட்டர் மாட்டுபவர்
வேலுமணி, மோட்டார் காயில் கட்டுபவர்