நீங்கள் நட்ட மரமா, மேம்சாப் நட்ட மரமா

உங்களுக்கு எழுதுகிற நோட்டைத் திறந்ததும் வாசம் வருகிறது. எதன் வாசம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் பிள்ளைகள் சேதி. சாயங்காலப் படகில் இறங்கி வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "பிள்ளைங்க சேதி என்ன?" என்றுதான் கேட்பீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வரிசை எனக்கு இன்னும் மாறவில்லை.

பெரியவன் மகள் கயல் நர்ஸ் படிப்பை முடித்து, ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வெள்ளை உடுப்போடு அவள் நம் கராச்சர்மா பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் எழுந்து நிற்காத குறைதான். சின்னவன் மகன் தினேஷ், தீவுக்குத் தீவு போகும் கப்பலில் இஞ்சின் பக்கம் வேலை. கட்சால் தீவு வரை போய்வந்து, "அப்பத்தா, அலை இவ்வளவு உயரம்" என்று கையைத் தூக்கிக் காட்டினான். உங்களைப் போலவே கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டுகிறான். அவன் தங்கை பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே இரண்டாவது. முதலாவது வந்தது டீச்சர் மகள், அதனால் நம் பிள்ளையை முதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கயலின் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கினான். அலமாரியில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்ட என் வீட்டில் இவ்வளவும் நடந்திருக்கிறது.

இனி வாசம். இந்த நோட்டுக்குள் ஒரு சம்பாப் பூ இருக்கிறது, நாட்டில் ஈழத்தலரி என்பார்களே, அது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். இப்போது பழுப்பாகிவிட்டது, வாசம் மட்டும் விடவில்லை. நான் ராஸ் தீவுக்குப் போய்வந்தேன். ஆமாம், நான்தான்.

இருபத்தைந்து வருஷம் நீங்கள் புல் வெட்டி, பாதை கூட்டி, செடி வைத்த தீவு. அபர்தீன் படகுத்துறையில் நின்றால் கண்ணுக்கு எதிரே கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்து மாளிகையும் நடன மண்டபமும் அங்கே இடிந்து நிற்கின்றன என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நான் அரண்மனைத் தோட்டக்காரனாக்கும்" என்பீர்கள். "கூரையில்லாத அரண்மனைக்கு என்னத்துக்குத் தோட்டம்?" என்று நான் கேட்பேன். வருஷத்துக்கு ஒருமுறையாவது, "வர்றியா புள்ள, காட்டிட்டு வர்றேன்" என்று கூப்பிடுவீர்கள். "எனக்குப் படகு ஒத்துக்காது" என்பேன். மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தபோது மூன்று நாள் வாந்தி எடுத்ததைச் சாக்காக வைத்துக்கொண்டேன். சுனாமிக்குப் பிறகு அது இன்னும் வசதியாகிவிட்டது. நான் ஏன் வரவில்லை என்று உங்களுக்கும் தெரியும். நாம் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு, வெகுகாலம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். பதினோரு நாள் இருந்தாள். பெயர்கூட வைக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தேன். நீங்களும் பக்கத்து வீட்டு அண்ணனும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. நாலாம் நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "அரண்மனைக்குப் பின்னால, கடல் பாத்த மேட்டுல, அவளுக்குன்னு ஒரு சம்பாக் குச்சி நட்டிருக்கேன் புள்ள. பெரிய தோட்டம். அவளுக்கு ஒரு இடம் இருக்கு." நீங்கள் அழவில்லை. அழவில்லையே என்று அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வந்தது.

அதன்பிறகு நான் பிள்ளைகள் சேதி சொல்லி முடித்ததும், நீங்கள் மரத்தின் சேதி சொல்வீர்கள். தளிர் விட்டிருக்கு என்பீர்கள். மான் நுனியைக் கடிச்சிட்டுது, இப்ப ரெண்டாப் பிரிஞ்சு வளருது என்பீர்கள். இடுப்பு உயரம் வந்தபோது ஈரோட்டிலிருந்து வந்த ஒருவர் உங்களை மரத்துப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்து, சிகரெட் அட்டையில் நம் விலாசத்தை எழுதிக்கொண்டு போனார். கழுவியதும் தபாலில் போடுகிறேன் என்றாராம். ஒரு வருஷம் நீங்கள் தபால்காரரை விடவில்லை. அவர் நம் தெருமுனையில் திரும்பும்போதே தலையை ஆட்டிவிட்டுப் போவார். முதல் பூ பூத்தபோது, "ஒண்ணு கொண்டாரட்டா?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். கடைசிவரை ஒரு பூ வீட்டுக்கு வரவில்லை.

இப்படியே இருந்திருந்தால் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. கயல்தான் வேலை கிடைத்த சந்தோஷத்தில், "அப்பத்தா, உனக்கும் எனக்கும் மட்டும் தனியா ஒரு டூர். நம்ம கூடவே நாள் முழுக்க கைடு. தாத்தாவோட அரண்மனையைப் பாக்காம நீ என்ன பொண்டாட்டி?" என்றாள். கேலிக்குச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. சரி என்று சொல்லிவிட்டேன்.

கைடு ஒரு வங்காளிப் பெண், பெயர் மிதாலி. நாற்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, காலில் ஷூ, கையில் பழைய படங்கள் வைத்த ஃபைல். என்னை "மாசி, மாசி" என்று சின்னம்மா முறை வைத்துக் கூப்பிட்டு, கையைப் பிடித்துப் படகில் ஏற்றி, லைஃப் ஜாக்கெட்டின் வாரை அவளே மாட்டிவிட்டாள். கால்மணி நேரம்தான். வாந்தி வரவில்லை. இத்தனை வருஷம் கால்மணி நேரத்துக்காகவா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நீங்கள் சொன்னது போலத்தான் இருந்தது, நீங்கள் சொன்னது போல இல்லாமலும் இருந்தது. செங்கல் சுவரை ஆலவேர் பிடித்திருந்ததைப் பார்த்தேன். மாளிகை நீங்கள் சொன்னதில் பாதிதான் இருக்கும். மயில் இருந்தது. மான்கள் கூட்டமாக வந்து கயல் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றன. தோட்டத்தில் ஓடை இருக்கிறது என்பீர்களே, அது எங்கே என்று மிதாலியைக் கேட்டேன். "ஓடையா? இங்க ஓடையே இல்ல மாசி" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது.

உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாதா? வருகிறவர்களிடம் இந்தக் கல்லில்தான் லாட் சாகிப் உட்கார்ந்து டீ குடிப்பார், இந்த மான் மேம்சாப் வளர்த்த மானின் பேத்தி என்றெல்லாம் அளந்துவிட்டு, வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பீர்கள். ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "பாவம் புள்ள, அம்புட்டுத் தூரத்துல இருந்து வர்றாங்க. வெறும் செங்கலைப் பாத்துட்டுப் போனா மனசு ஆறுமா?" என்பீர்கள்.

மாளிகைக்குப் பின்னால் மேட்டுக்குப் போனோம். கடல் தெரிந்தது. ஒரு சம்பா மரம். தரையெல்லாம் பூ. அடிமரத்திலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. மிதாலி மரத்தில் கை வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "மாசி, இது மேம்சாப் நட்ட மரம். வெள்ளைக்காரன் காலத்துல இங்க இருந்த ஒரு பெரிய சாகிப்போட சம்சாரம். அவங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, கியாரா தின், பதினோரு நாள்தான் இருந்தது. அந்தக் குழந்தைக்காக இந்த மரத்தை நட்டாங்க."

கயல் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அத்தை ஒருத்தி இருந்தாள் என்பதே தெரியாது. நான் மிதாலியிடம் கேட்டேன்: "இது உங்களுக்கு யாரு சொன்னது?"

"எனக்கு முந்தி இருந்த கைடு சொன்னாரு மாசி. அவருக்கு இங்க தோட்டத்துல வேலை பார்த்த ஒரு மதராசி பாபா சொன்னதாம். பாபா இந்தக் கதையைச் சொல்லும்போது அழுவாராம். கேக்குற டூரிஸ்டும் அழுவாங்களாம். பாபா என்னமா நடிப்பாருன்னு எல்லாரும் சொல்வாங்க."

"அப்பத்தா, அது நம்ம தாத்தாதானே?" என்று கயல் துள்ளினாள். "மிதாலி தீதி, அது எங்க தாத்தா. இவங்க அவரோட வீட்டுக்காரங்க."

மிதாலி தொப்பியைக் கழற்றிவிட்டு என் காலைத் தொட்டாள். பிறகு ஃபைலைத் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள். "மாசி, எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். பழைய பதிவுல இந்த மரமே இல்ல. கல்லறைத் தோட்டத்துல ஒரு குழந்தையோட கல் இருக்கு, எழுத்து அழிஞ்சுபோச்சு. பாபா உங்ககிட்ட சொல்லியிருப்பாரே. இந்தக் கதை சச்சா, ஜூட்டா?"

உண்மையா, பொய்யா. என்னைப் போய்க் கேட்கிறாள். நான் பொய் என்றால் அவள் நாளையிலிருந்து இந்த மரத்தின் முன்னால் நிற்காமல் போய்விடுவாள். உண்மை என்றால் என் மகள் மரத்தை நானே முகம் தெரியாத மேம்சாப்புக்கு எழுதிக் கொடுத்தது போல. நம் கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் நீங்கள்தான் நட்டீர்கள் என்று எனக்கு என்ன நிச்சயம்? நான் மரத்தைப் பார்த்தேன். முப்பது வருஷ மரமா, நூறு வருஷ மரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பட்டை கிழவியின் முழங்கை மாதிரி இருந்தது.

"பதினோரு நாள் சச் ஹை" என்றேன். "அது மட்டும் சத்தியம்."

அவள் எழுதிக்கொண்டாள். எழுதியதன் கீழே இரண்டு கோடும் போட்டாள்.

கிளம்பும்முன் ஒன்று கேட்டேன். "இதோட நுனியை மான் கடிச்சிருக்குமா?" "இதுல பால் வடியும் மாசி, மான் வாய் வைக்காது" என்றாள். அப்போதுதான் ஒரு மான் கயல் கீழே போட்ட பிஸ்கட் காகிதத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தைத் தின்கிற மான் குச்சியைக் கடிக்காதா? அப்படியானால் நீங்கள் சொன்னது நிஜம். ஆனால் சம்பா மரம் எல்லாமே இரண்டு இரண்டாகத்தான் பிரியும் என்று கயல் சொல்கிறாள். அப்படியானால் மான் கதை எதற்கு?

அன்றிலிருந்து இதே யோசனைதான். அரிசி களையும்போது ஒன்று தோன்றுகிறது, உலையில் போடும்போது வேறொன்று தோன்றுகிறது. மரத்தை நீங்கள் நட்டீர்கள், யாரோ கேட்டபோது நம் பிள்ளை என்று சொல்ல வாய் வராமல் மேம்சாப் தலையில் போட்டீர்கள் என்று ஒரு நேரம் நினைக்கிறேன். நாள் தவறாமல் அவளைப் பற்றிப் பேச உங்களுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. என்னிடம் அழாததை ஊர்பேர் தெரியாதவர்களிடம் அழுதிருக்கிறீர்கள். அப்படி நினைத்தால் கோபம் வருகிறது, உடனே போயும்விடுகிறது.

இன்னொரு நேரம் வேறு மாதிரி நினைக்கிறேன். அந்த மரம் முன்பே அங்கே நின்றிருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கிடந்த கிடையைப் பார்த்து, டூரிஸ்டுக்குக் கல்லைக் காட்டுவது போல எனக்கு அந்த மரத்தைக் காட்டிவிட்டீர்கள். பாவம் புள்ள, மனசு ஆறட்டும் என்று. பிறகு வருஷாவருஷம் தளிரையும் மொட்டையும் சேர்த்துக்கொண்டே போனீர்கள். ஆனால் நீங்கள் நடாத மரத்தைப் பார்க்க எதற்கு என்னை வருஷம் தவறாமல் கூப்பிட்டீர்கள்? நான் வரமாட்டேன் என்ற தைரியத்திலா? வந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடம் பொதுவாகக் கேட்டேன். சம்பா விதையில் வராது, பழைய மரத்தில் ஒரு கொம்பை ஒடித்து நட்டால்தான் வரும் என்றாள். அப்படியானால் மேம்சாப் மரத்தில் ஒடித்து நீங்கள் நட்டது வேறு மரமோ? அது வேறு எங்காவது நிற்கிறதோ? நான் தப்பான மரத்தின் அடியில் நின்றுவிட்டு வந்தேனோ? கயலிடம் இன்னொரு தடவை கூட்டிப் போகச் சொல்லலாம். சொல்லவும் பயமாக இருக்கிறது.

மிதாலிக்கு நான் சொன்னது உண்மையா, பொய்யா என்றும் எனக்குத் தெரியவில்லை. இனி அவள் வருகிறவர்களிடம் எல்லாம், மதராசி பாபாவின் சம்சாரமே சத்தியம் செய்தாள் என்று சொல்லுவாள். முன்பின் தெரியாதவர்கள் நம் பிள்ளைக்காக ஒரு நிமிஷம் நிற்பார்கள். யாருக்கு நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அது போதும் என்று சில நேரம் தோன்றுகிறது. போதாது என்றும் தோன்றுகிறது. வரும்போது கீழே கிடந்த பூவில் ஒன்றை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். யார் மரத்துப் பூவாக இருந்தாலும் அவளுக்கு நான் எடுத்த முதல் பூ அது. இந்த நோட்டை மாற்றினாலும் பூவை அடுத்த நோட்டில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

அந்த ஈரோட்டுக்காரர் எடுத்த போட்டோ வந்திருந்தால் ஒரு நொடியில் எல்லாம் தெரிந்திருக்கும். இடுப்பு உயரத்தில் மரம், பக்கத்தில் நீங்கள். அவர் உங்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தாலும் அவரைத் தேடிப் போய்க் கேட்காதீர்கள். அந்தப் பழைய படம் வேண்டாம். வந்தால் நான் மரத்தை அளந்துகொண்டு உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அங்கிருந்து புதிதாக ஒன்று எடுத்து அனுப்புங்கள். தீவின் பெயரை மாற்றிவிட்டார்கள், ஊரின் பெயரையும் மாற்றிவிட்டார்கள், ஆனால் கராச்சர்மா என்று எழுதினால் தபால் வந்துவிடும். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். பின்னால் மரம், மாளிகை எதுவும் வேண்டாம். பக்கத்தில் அவளை நிறுத்துங்கள். முப்பது தாண்டியிருப்பாள். யார் ஜாடை என்று நான் பார்க்க வேண்டும்.