ஓதெத் என்று பேர் வைக்குமுன்

த்ருவா,
11 மார்ச் 1986

அன்பு மகள் எவ்லினுக்கு,

நீயும் மாப்பிள்ளை ரெஜானும் வயிற்றிலிருக்கிற குட்டியும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், இங்கே நாங்கள் நடமாட்டமாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, ஆனாலும் உருளைக்கிழங்கு நட மண்ணைக் கொத்தாமல் இருக்கமாட்டேன் என்கிறார். பெண் பிறந்தால் என் பேரை வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். அப்பா அதை வாசித்துவிட்டு, ஓதெத்தா, அந்தப் பேரை இப்ப யாரு வைக்கிறா, பிள்ளை பொறக்கும்போதே மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு வரும் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். பழைய ஜெர்மானியப் பேச்சில் ஓதா என்றால் செல்வமாம், பின்னால் ஒரு எத் சேர்த்துச் செல்லமாக்கியது நம் பிரெஞ்சுக்காரர்கள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னது. நான் பிறந்த காலத்தில் தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு ஜன்னல் திறக்கும். காலுறைத் தொழிற்சாலையில் என் வரிசையிலேயே மூன்று பேர், சிவப்பு ஓதெத், நெட்டை ஓதெத், நான் சின்ன ஓதெத்.

இனி எழுதுவது உன் அப்பாவுக்கே தெரியாது. 1944 ஜூனில், நம் நாடு ஜெர்மன்காரன் பிடியில் இருந்தபோது, அவனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்த நம் ஆட்களுக்குக் காலுறைக் கட்டுக்குள் சேதிச் சீட்டு வைத்து அனுப்பியது நான்தான். பிடிபட்டவர்களில் யாரோ அடி தாங்காமல் ஓதெத் என்ற பேரை மட்டும் சொல்லிவிட்டார்கள். ஒரு காலை இரண்டு ஜெர்மன் சிப்பாய்களும் அவர்களுக்கு வேலை பார்த்த, தொப்பி போட்ட நம்மூர் ஆள் ஒருவனும் வந்து இயந்திரங்களை நிறுத்தினார்கள். ஓதெத் யாரு, எந்திரி என்றான் தொப்பிக்காரன். சிவப்பு ஓதெத் அன்று காய்ச்சலில் வரவில்லை. நான் எழவில்லை எவ்லின். எனக்கு முன்னால் நெட்டை ஓதெத் எழுந்தாள், நான்தான், என்ன வேணும் என்றாள். வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நான் குனிந்தபடி அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தேன்.

பதினோரு மாதம் கழித்து ஜெர்மனி கைதி முகாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். பார்க்கப் போனேன். பேரைக் கூப்பிட்டாங்க, எந்திரிச்சேன், எனக்கு வேறொண்ணும் தெரியாதுடி என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்து, அது நீயா என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். நாற்பத்தோரு வருடமாக அந்த இல்லையை நான் திருத்தவில்லை.

உன் கடிதத்துக்குப் பிறகு பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, நெட்டை ஓதெத் இப்போது இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நீ கேட்ட பேரையும் சொன்னேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. பேரு உனக்கும் சொந்தம்தான், வச்சுக்க, ஆனா நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் உன் மகளுக்கு எழுதிடாதே என்றாள். கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

அதனால் அப்படி எழுதவில்லை. வைப்பதும் விடுவதும் உன் இஷ்டம், வைத்தால் பிள்ளை வளர்ந்ததும் இதையும் சேர்த்துச் சொல்லு, என்னை நல்லவளாக்கிச் சொல்லாதே. இன்று ராத்திரி அப்பாவிடமும் சொல்லப்போகிறேன்.

ஏழு மாத வயிற்றோடு அங்கே வாசலில் கிடக்கும் பனியை வாரித் தள்ளாதே, அதை ரெஜான் பார்த்துக்கொள்ளட்டும். மாதா உன்னையும் பிள்ளையையும் பத்திரமாகப் பிரித்துத் தரட்டும். என்மேல் கோபமென்றால் அதையாவது எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
ஓதெத்