ஒரே ஒரு குண்டு

மார்ச் 4, செவ்வாய்

ரைபிள் வந்துவிட்டது. பல் செட் செய்யும் லேபிலிருந்து வந்தவள் கைகூடக் கழுவவில்லை. நகக்கண்ணில் பல் அச்சு எடுக்கும் மாவு காய்ந்திருக்க, அப்படியே உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன். தோளில் படும் கட்டையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். கன்னம் வைக்கும் இடத்தை ஏற்றி இறக்கலாம். எல்லாவற்றையும் என் உடம்புக்குத் தக்கபடி திருகித் திருகி வைத்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என் கல்யாணக் கோட்டுக்குக்கூட யாரும் இவ்வளவு அளவு எடுக்கலை" என்றார்.

இத்தனை வருஷமும் எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரே ரைபிள்தான். ஒருத்தி சுட்டால் மற்றவள் பக்கத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்து குண்டு எங்கே விழுகிறதென்று சொல்வாள். பிறகு இடம் மாறுவோம். இனி எனக்கென்று ஒன்று. பழையதை அக்காவே வைத்துக்கொள்ளட்டும். போனில் சொன்னேன். அவள் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை அப்போதுதான் டெப்போவில் விட்டுவிட்டு வந்திருந்தாள். "அப்ப இனிமே சண்டை போடாம சுடலாம்" என்று சிரித்தாள்.

மார்ச் 5, புதன்

லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "யாரைக்கா சுடப் போறீங்க?"

அட்டையை, என்றேன். காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கி. அதை மேஜைமேல் மணல் பைகளில் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன வட்டங்களை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும்.

"உக்காந்துக்கிட்டா? இதுல என்ன கஷ்டம்?"

கஷ்டமே அதுதான். கை நடுங்கியது, கால் வலித்தது என்று சாக்குச் சொல்ல வழியே கிடையாது.

மார்ச் 8, சனி

அக்காவோடு சுடும் ரேஞ்சுக்குப் போனேன், நாலு வகைக் குண்டு வாங்கிக்கொண்டு. எந்தக் குழலுக்கு எந்தக் குண்டு பிடிக்கும் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். முதல் வகை சிதறியது. இரண்டாவது மேலும் கீழுமாக அலைந்தது. மூன்றாவதில் — ஐந்து குண்டு, ஒரே ஓட்டை. விசையைத் தொட்டதாகக்கூட நினைவில்லை. "எல்லாம் ஒரே எடத்துல போகுதுடி" என்றாள் அக்கா, பைனாகுலரை இறக்காமலே.

பிறகு கேட்டாள். "நான் ஒரே ஒரு குண்டு சுட்டுப் பார்க்கட்டுமா? இல்ல, சுடக்கூட வேணாம். அந்த ஸ்கோப்புல ஒரு தடவை பார்த்துக்கிறேன்."

ரைபிள்மேல் குறி பார்க்கும் ஸ்கோப் என் கண்ணுக்குச் சரியாக நின்றிருந்தது. மணல் பை அசைந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"இன்னும் செட் பண்ணி முடிக்கலக்கா. கை வெச்சா எல்லாம் மாறிடும். அப்புறம் பாரேன்."

"சரி."

அவ்வளவுதான். முகம்கூட மாறவில்லை. பைனாகுலரைத் துடைத்து உறையில் போட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு குண்டுதானே. கொடுத்திருக்கலாம். அடுத்த வாரம் நானே கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 15, சனி

கொடுக்கவில்லை. அவள் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். மறந்தேனா?

தனித்தனி மேஜை. நடுவில் ஒரு தூண். அவள் சுடும் சத்தம் கேட்டது, அவள் தெரியவில்லை. திரும்பும்போது காரில் சொன்னாள்: "அட்டையில கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது. வட்டத்துக்கு நடுவுல என்னவோ கறை மாதிரி இருக்கு."

"பழைய ஸ்கோப்புதானேக்கா. கண்ணாடி போயிருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள். கொஞ்சம் நிம்மதியானது போலிருந்தது.

மார்ச் 22, சனி

அக்கா வரவில்லை. அசதியாம்.

நான் சுட்டதிலேயே நல்ல அட்டை இன்றுதான். ஆனால் காட்ட ஆளில்லை. ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் தாடிக்காரரிடம் நீட்டினேன். (தாடியை எடுத்து வருஷக்கணக்காகிறது, பேர் மட்டும் போகவில்லை.) அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "அக்கா எங்க?" என்றார்.

ஏப்ரல் 5, சனி

அக்கா வந்தாள். கோடு வளைவதைத் தாடிக்காரரிடமும் சொன்னாள் போலிருக்கிறது. அவர் தன் ரைபிளிலிருந்து ஸ்கோப்பைக் கழற்றி, பழைய ரைபிளில் மாட்டி, "இதுல பாருங்க" என்று நகர்ந்துகொண்டார். அவள் கேட்கக்கூட இல்லை.

குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம். நான் என் மேஜையிலிருந்து எழுந்து வந்தேன். தலையைத் தூக்கி, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"உன் முகத்துக்கு நடுவுல ஒண்ணுமே இல்லடி" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கண் டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். வலது கண்ணின் உள்ளே, சரியாக நடுவில், நீர் கசிந்து வடுவாகியிருக்கிறது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். மேற்கொண்டு போகாமல் தடுக்கப் பார்க்கலாம், போனது வராது. இரண்டு கண்ணும் திறந்து பஸ் ஓட்டும்போது இடது கண் வலதுக்கும் சேர்த்துப் பார்த்திருக்கிறது, அதனால் தெரியவில்லை. இப்போது இடதிலும் ஆரம்பம். இனி பஸ் கூடாது.

"முன்னாடியே வந்திருந்தா?" நான்தான் கேட்டேன்.

"எப்ப மாற்றம் தெரிஞ்சுது?" என்று டாக்டர் அக்காவைக் கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். "இப்பத்தான் டாக்டர். ரெண்டு மூணு நாளா."

"சீக்கிரம் வர்றவங்களுக்கு இன்னும் கொஞ்சம் காப்பாத்த முடியுது" என்றார் டாக்டர், என்னைப் பார்த்து.

அவள் எனக்காகப் பொய் சொன்னாளா, தனக்காகவா?

ஏப்ரல் 9, புதன்

வேலை ஓடவில்லை. ஒருவருடைய கடைவாய்ப் பல்லை இடம் வலம் மாற்றிக் கட்டிவிட்டேன்.

ஸ்கோப்புல ஒரு தடவை பார்த்துக்கிறேன்னுதானே கேட்டா. சுடக்கூட வேணாம்னாளே. அன்னிக்கே சந்தேகம் வந்திருக்கு அவளுக்கு. ஸ்கோப்பா கண்ணான்னு பார்க்கத்தான் கேட்டிருக்கா. பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்ல? கை வெச்சா எல்லாம் மாறிடுமாம். என்னத்த மாறிடும்? ஒரு திருகு. திருப்பி வெச்சுக்க மாட்டேனா நான்? அப்புறம் பழைய ஸ்கோப் மேல பழியப் போட்டு, அவளையும் நம்ப வெச்சு —

வீட்டுக்காரர் சொல்கிறார்: "உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன கண் டாக்டரா?" தெரியாதுதான். ஆனால் தெரியாமல் நான் மறுக்கவில்லை. என்னுடையது என்பதால் மறுத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ரைபிளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இடது தோளுக்கு மாற்றித் தருகிறேன், இடது கண்ணால் சுடு, இது உனக்குத்தான் என்றேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி வைக்கும் முன் விரல் எங்கே இருக்கிறதென்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

"வேணாம். நீயே வெச்சுக்கோ."

"அன்னிக்கு நீ கேட்டப்ப கொடுத்திருக்கணும்க்கா."

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"கொடுத்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள்.

பரவாயில்லை என்று சொல்லுவாள், அழுதுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போயிருக்கிறேன். அவள் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு, "காபி போடவா?" என்றாள்.

மே 17, சனி

ரேஞ்சுக்குப் போனேன். எல்லாம் நடுவில்தான் விழுகிறது. அட்டையை மடித்துக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

அக்காதான் போன் செய்தாள். டெப்போவில் சீருடையையும் சாவியையும் ஒப்படைக்க வேண்டுமாம். "கூட்டிட்டுப் போறியா?" லேபில் அரை நாள் சொல்லிவிட்டுப் போனேன்.

அவள் கார், நான் ஓட்டினேன். வழியெல்லாம் பாட்டு. "கிளட்ச் மேல கால வெச்சுத் தூங்காத." "முன்னாடி போறவன் மூச்சு விடட்டும், தள்ளி வா." திட்டட்டும் என்று இருந்தேன்.

டெப்போவில் அவள் பஸ் வேறு ஆளுக்குப் போய்விட்டிருந்தது. கழுவி நிறுத்தியிருந்தார்கள். கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். ஏறவில்லை. மெக்கானிக் டீ வாங்கித் தந்தார். டீ நன்றாக இருக்கிறதென்று மட்டும் சொல்லிக்கொண்டோம்.

திரும்பும்போது பெரிய சந்திப்பில் விளக்குக்காக நின்றோம். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நேராக விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"பச்சை விழுந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"விழுந்துடுச்சுக்கா" என்றேன். வண்டியை எடுத்தேன்.