முயல் தொடாத நீலப் பூ

இன்று காலை கீழ் வீட்டு அம்மா தன் தோட்டத்துப் பூக்களைக் கட்டி, ஒரு போத்தலில் வைத்து, எங்கள் வாசலில் விட்டுப் போயிருந்தார். நம் மகளுக்கு இன்று பதினொரு வயதாகிறதல்லவா, அதற்கு. வெள்ளை டேலியாக்களுக்கு நடுவே, நீண்ட தண்டில், முக்காடு போட்டுக் குனிந்து நிற்கிற அந்த நீலப் பூ. மகள் கையை நீட்டுவதற்குள் போத்தலோடு தூக்கிப் பல்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவள் என்னை விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பீலெஃபெல்டில் ரயில் பாதையோரம் அந்தத் துண்டுத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது உங்களுக்கு நிலை கொள்ளவில்லை. "காணி எடுத்திட்டன்" என்று கனடா வரைக்கும் தொலைபேசியில் சொன்னீர்கள். நாலு பாய் விரிக்கிற காணி அது! முன்பு வைத்திருந்த ஜெர்மன் கிழவர் இறந்துபோயிருந்தார். அவருடைய மண்வெட்டி, வாளி எல்லாம் கொட்டிலுக்குள் ஒழுங்காக இருந்தன. ஒரு சோடித் தோல் கையுறை மட்டும் வெளியே, வேலியோரத்து நீலப் பூ வரிசைக்கு நடுவில் நட்ட தடியில் கொழுவியிருந்தது. விறைத்துப்போய், விரல்களை விரித்தபடி, யாரையோ மறிப்பது போல.

"இஞ்சேருங்கோ, இது மட்டும் ஏன் இஞ்சை கிடக்கு?" என்று கேட்டேன்.

"செத்த மனிசன்ரை சாமான். எறி. மாட்டுத்தோல் போட்ட கையாலை ஆரும் சாமிக்குப் பூ ஆயிறதே?" என்றீர்கள். நான்தான் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

அந்தக் கோடையில் முயல்கள் உங்கள் வெந்தயக்கீரையை மொட்டையடித்தன. போஞ்சியையும் விடவில்லை. நீலப் பூ வரிசையில் மட்டும் ஒரு இலைகூடக் குறையவில்லை. வேறு யாராவது என்றால் ஏன் என்று யோசித்திருப்பார்கள். நீங்கள் கும்பிட்டீர்கள். "பார், முயல் கூடத் தொடேல்லை. சாமிக்கெண்டு விட்டிருக்கு." ஊரில் பிள்ளையாருக்குக் காக்கணம்பூ வைத்தவருக்கு இங்கேயும் அதே நீலம் கிடைத்துவிட்டது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த ஆடி வெள்ளி. வெறும் கையால் ஒரு கூடை ஆய்ந்து வந்து, குசினித் தரையில் இருந்து மாலை கட்டினீர்கள். முடிச்சுக்கு முடிச்சு நூலைப் பல்லால் கடிப்பது உங்கள் பழக்கம். மாலையைப் பிள்ளையார் படத்துக்குப் போட்டுவிட்டு, மூன்று வயது மகளின் தலையில் ஒரு பூவைச் செருகினீர்கள். அதற்குப் பிறகுதான், "சொண்டு விறைக்குது, பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. "கையிலை எறும்பு ஊருது. தட்டிவிடு." கையில் ஒரு எறும்பும் இல்லை. ஆடி மாத வெயிலில் குளிருது என்று நடுங்கினீர்கள். கற்பூரப் புகையில் அந்த மாலை அவ்வளவு அழகாக இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் திடீரென்று மகளைத் திரும்பிப் பார்த்தீர்கள். தலையில் வைத்த பூ தலையில் இல்லை. வாயில் நீலமாக ஏதோ தெரிந்தது.

எழும்பவே ஏலாத நிலையில் தரையில் தவழ்ந்து போய் அவளைப் பிடித்தீர்கள். "துப்படி! துப்பு!" மரத்த விரல்களுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியவில்லை. அவள் கன்னம் சிவந்தது, உதடு வெடித்து இரத்தம் வந்தது. ஆனால் இதழ் முழுதாக வெளியே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையாரின் மாலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோனேன். டாக்டர் அதைக் கண்டதும் முதலில் கையுறை போட்டார். ஐசன்ஹூட் என்று பெயர் சொன்னார், வேர் முதல் பூ வரை நஞ்சாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது, இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம் என்றார். கருவியின் திரையில் உங்கள் துடிப்பு ஓடுவதும் இடறுவதுமாக இருந்தது. மகளுக்கு ஒன்றுமில்லை.

வீடு திரும்பியதும் அந்த வரிசையைக் கிழங்கோடு கிண்டி எடுத்தீர்கள். அடுத்த கோடையில் கீரைப் பாத்தியின் நடுவே அது மறுபடி எழும்பி நின்றது, எல்லாவற்றையும் விடச் செழிப்பாக. பேசாமல் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

மகள் மாதக்கணக்காக உங்களிடம் வரவில்லை. கிண்டர்கார்டனிலும் "அப்பா எனக்கு அடிச்சவர்" என்றுதான் சொன்னாள். நடந்ததைச் சொல்லுவோம் என்று நான் கெஞ்சினேன். "சொல்லாதை. பிள்ளை பூவைக் கண்டு பயந்து வளரக்கூடாது. என்னைக் கண்டு பயந்தால் பரவாயில்லை, நான் சமாளிப்பன்." எங்கே சமாளித்தீர்கள்? போன மாரியில் ஈரல் வருத்தத்தில் நீங்கள் கண்ணை மூடும்வரை, உங்கள் கை உயர்ந்தால் அவள் கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்தாள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு நெஞ்சு வெந்தது.

இன்று உங்கள் சொல்லை மீறினேன். பல்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருவரும் இருந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கண்ணாடி வழியே அந்தப் பூவைப் பார்த்தபடி சொன்னாள்.

"அம்மா, அண்டைக்கு நான் அப்பான்ரை விரலைக் கடிச்சனான். நல்லாக் கடிச்சனான்."

"ஓம்."

"அவருக்கு விரல் விறைச்சுத்தானே இருந்தது? அப்ப நொந்திருக்காது, என்ன?"

"நொந்திருக்காது," என்றேன்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் கைகளுக்கு உணர்ச்சி திரும்பியது. சுட்டுவிரலில் அந்தச் சின்னப் பற்களின் தடம் வீங்கி நின்றது. அதை அமத்தி அமத்திப் பார்த்து, கண்ணீர் வழிய, "நோகுதப்பா, நோகுது" என்று என்னிடம் சந்தோசமாகச் சொன்னீர்கள். அது ஒன்றை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை.