சுண்ணாம்பு சுட்ட புண்

அக்கா,

இன்று காலை குன்னூர் பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளிடமிருந்து புகையிலை வாசம் வந்தது. இடது கன்னம் புடைத்திருந்தது. "ஏனுங்க, கொஞ்சம் வாயைத் தெறங்க, பாக்கறேன்" என்றேன். "பைத்தியமாட்ட இருக்குது" என்று முனகியபடி பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். உங்கள் நினைவு வந்தது. வராத நாள் எது?

தலைமன்னாரில் கப்பலேறும்போது நமக்குள் பழக்கம்கூட இல்லை. மண்டபம் முகாமில் அழுதுகொண்டிருந்த எனக்கு உங்கள் கம்பளியில் பாதியைக் கொடுத்தீர்கள். பிறகு இந்த மலையில் தேயிலைத் தோட்டத்துக் கூலி வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. காலையில் சுண்ணாம்பு தடவிக் கன்னத்தில் அடக்கிய புகையிலை மத்தியானம் கொழுந்து நிறுக்கும்வரை அங்கேயே கிடக்கும். "ரெண்டு கையும் வேலையில இருக்கு. வாயி சும்மா இருந்தா பசிக்கும் புள்ள" என்பீர்கள்.

நான் நாலு எழுத்துப் படித்திருந்ததால் டவுன் ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதப் போனேன். புற்றுநோய்ச் சீட்டுகளை டாக்டர் இரண்டு கட்டாகப் பிரிக்கச் சொல்வார்: டவுன்காரர்கள், சிலோனிலிருந்து வந்தவர்கள். டவுன் கட்டுக்குள் வயிறு, மார்பு, தொண்டை என்று பலவும் இருக்கும். நம் கட்டுக்குள் பெரும்பாலும் கன்னம்தான். அதுவும் புகையிலை அடக்கும் பக்கம். அத்தனையும் என் கையால் எழுதியது. ஆனால் நானும் அந்தக் கட்டைச் சேர்ந்தவள் என்று அங்கே மூச்சுவிடவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

நீங்கள் அரைநாள் லீவு போட்டு வந்து என் மேசை முன் நின்றீர்கள். "கன்னத்துல ஒரு புண்ணு. லயத்துல எல்லாரும் சுண்ணாம்பு சுட்டதுங்கிறாங்க. அது மேலயே பொகையில வச்சா நோவு தெரியல. ஒருக்கா பாக்குறியா புள்ள?" என்று வாயைத் திறந்தீர்கள். பக்கத்திலிருந்த நர்ஸ், "சிலோன்காரங்க உங்களுக்குச் சொந்தமுங்களா?" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. குனிந்து எழுதிக்கொண்டே, "சுண்ணாம்புதான் சுட்டிருக்கும், தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்றேன்.

"நீ சொன்னாச் சரி" என்று சிரித்துவிட்டுப் போனீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது வாய் விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. "இத்தன நாளா எங்கீங்க போனீங்க?" என்று டாக்டர் சத்தம் போட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். காட்டிக்கொடுக்கவில்லை. அன்று உங்கள் சீட்டையும் நானே எழுதி நம் கட்டுக்குள் வைத்தேன். அந்த மழை விடும்முன்னே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இப்போது ஊரறியச் சிலோன்காரி என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மனம் ஆறவில்லை அக்கா, இனி ஆறும் என்ற நம்பிக்கையும் இல்லை. கன்னம் புடைத்த யாரைக் கண்டாலும் வாயைத் திறக்கச் சொல்கிறேன். ஒருவரும் திறப்பதில்லை.

கேட்காமலே திறந்தவர் நீங்கள் ஒருவர்தான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.